எழுந்து நடத்தலும் மருந்தே



நோயுற்றவர் அசையாது படுத்திருக்க வேண்டும் என்பது நம் இல்லங்களில் வேரூன்றிய நம்பிக்கை. நெடுங்காலம் ஆசிரியத் தொழில் புரிந்த நானும் அதனையே நம்பியிருந்தேன். 2023ஆம் ஆண்டில் கடும் நிமோனியாக் காய்ச்சலுக்கு ஆளாகித் தீவிர சிகிச்சைப் பிரிவில் 14 நாள்கள் கிடந்து மீண்ட பின்னரே, அந்நம்பிக்கையில் ஒரு பிழை உண்டு என்பதை உணர்ந்தேன். அப்பிழை யாது என்பதை இன்று விளக்க விரும்புகிறேன்.

தீவிர சிகிச்சைப் பிரிவு என்னும் ஏற்பாடு உருவானதில் உங்களைப் போன்ற மாணவர்களுக்கும் பங்குண்டு. 1952ஆம் ஆண்டில் டென்மார்க்கின் தலைநகரான கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் பரவியது. மூச்சுத் தசைகள் செயலற்றுப்போன நோயாளிகளுக்கு, டாக்டர் இப்சன் என்பவர் காட்டிய வழியில், மருத்துவ மாணவர்கள் இரவும் பகலும் முறைவைத்துக் கையால் பையை அழுத்திக் காற்றைச் செலுத்தினர். பல உயிர்கள் பிழைத்தன. அவ்வனுபவத்தின் பயனாக, மறு ஆண்டின் இறுதியில் இத்தகைய நோயாளிகளுக்கெனத் தனிப் பிரிவு ஒன்றை இப்சன் அந்நகரில் அமைத்தார்.

உயிரைக் காப்பது அப்படுக்கை. ஆனால் அதுவே உடலிடமிருந்து ஒரு விலையையும் பெற்றுக்கொள்கிறது. அவ்விலை எவ்வளவு?

1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டல்லஸ் நகரில், இருபது வயதுடைய நல்லுடல் இளைஞர் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே இருக்கச் செய்து ஆராய்ந்தனர். கடும் உழைப்பின்போது பிராணவாயுவைப் பயன்படுத்தும் அவர்களது ஆற்றலில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்துவிட்டது. முப்பது ஆண்டுகள் கழித்து அவர்களையே மீண்டும் சோதித்தபோது, அவ்வளவு கால முதுமையும்கூட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த அளவுக்கு அவ்வாற்றலைக் குறைக்கவில்லை எனக் கண்டனர்! நலமுள்ள இளைஞர் நிலையே இதுவெனில், நோயாளியின் நிலை யாதாகும்? 2013இல் வெளிவந்த ஓர் இங்கிலாந்து ஆய்வில், தீவிர சிகிச்சை பெற்ற 63 பேரின் தொடைத் தசையை அளந்தனர். பத்தே நாள்களில் அதன் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 18 சதவீதம் சுருங்கியிருந்தது.

காரணம் யாதெனில், தசை நாள்தோறும் கட்டப்பட்டும் சிதைந்தும் வருவது. உழைப்பு நின்றால் கட்டும் வேலை தளர்கிறது. கடும் நோயோ சிதைக்கும் வேலையை விரைவுபடுத்துகிறது. வரவு குறைந்து செலவு பெருகிய குடும்பத்தின் கதிதான் தசைக்கும்.

எனினும் இழந்தது மீளக்கூடியதே. டல்லஸ் இளைஞர்கள் சுமார் எட்டு வாரப் பயிற்சியால் முன்னிலும் மேம்பட்டனர். 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், செயற்கைச் சுவாசக் கருவியில் இருந்த 104 நோயாளிகளை இரு பிரிவாக்கினர். தொடக்கத்திலேயே உடற்பயிற்சி பெற்றவருள் 59 சதவீதத்தினர் பிறர் துணையின்றித் தம் வேலைகளைச் செய்யும் நிலையில் வீடு திரும்பினர். மற்றப் பிரிவில் 35 சதவீதத்தினரே அந்நிலையை எய்தினர்.

அப்படியாயின் மிகுதியாகப் பயிற்சி தந்தால் மிகுதியாகப் பயன் விளையுமோ? அன்று. 2022இல் வெளியான, ஆறு நாடுகளில் 750 நோயாளிகளிடம் நடந்த ஆய்வில், வழக்கத்தினும் கூடுதலாக இயக்கியதால் கூடுதல் நன்மை விளையவில்லை, இடையூறுகளே மிகுந்தன. மருந்துக்கு அளவு உண்டென்றால் நடைக்கும் அளவு உண்டு. அவ்வளவை மருத்துவரும் இயன்முறை மருத்துவருமே வகுத்துத் தருதல் வேண்டும்.

இனி என் கதைக்கு வருகிறேன். வீடு திரும்பியதும் என்னைச் சாய்வு நாற்காலியில் அமர்த்தினர். தண்ணீர் கைக்கு வந்தது. செய்தித்தாள் மடிக்கு வந்தது. 'எழுந்திருக்காதீர்கள்' என்று மனைவியும் மகனும் அன்போடு தடுத்தனர். ஒரு மாதம் கழிந்தும், கைப்பிடியை ஊன்றாமல் நாற்காலியைவிட்டு எழ என்னால் இயலவில்லை. படுக்கையை விட்டேன், நாற்காலியோ என்னை விடவில்லை.

மருத்துவமனையிலிருந்து புறப்பட்ட நாளில் இயன்முறை மருத்துவர் கூறிய அறிவுரையைப் பெரியவர்களாகிய நாங்கள் மறந்திருந்தோம். ஏழாம் வகுப்பில் படிக்கும் என் பேத்தி மட்டும் மறக்கவில்லை. ஒருநாள் தண்ணீர்ச் செம்பைக் கூடத்தின் மறுகோடியில் வைத்துவிட்டு, "தாத்தா, வாருங்கள், இருவரும் போய் எடுத்து வருவோம்" என்று கை நீட்டினாள். முதல் நாள் பன்னிரண்டு அடிகள். மூச்சு வாங்கினால் நின்றோம். தலை சுற்றினால் அமர்ந்தோம். மணிக்கொரு முறை எழுந்து நிற்பதும் நாள்தோறும் சில அடிகள் கூட்டுவதுமாக, நான்காம் மாதத்தில் தெருக்கோடி நூலகம் வரை நடந்தேன்.

மாணவர்களே! உங்கள் இல்லத்திலும் இவ்வாறு மீண்டு வருபவர் இருக்கலாம். தண்ணீரைக் கொண்டுபோய்க் கொடுப்பதும் அன்பே. மருத்துவர் இசைந்தபின், அதனை எடுத்துவரத் தோள் கொடுத்து உடன் நடப்பது அதனினும் பெரிய அன்பு.