அக்கா பேப்பர் போடுறதுக்கு முன்னாடி

நம்மில் பல பேர் வீட்டுல ஒரு நர்ஸ் இருப்பாங்க. சொந்த அக்காவோ, சித்தி பொண்ணோ, பக்கத்து வீட்டு அக்காவோ. நத்தம், வேடசந்தூர், நிலக்கோட்டைப் பக்கம் இருந்து படிச்சு முடிச்சிட்டு, திண்டுக்கல் டவுன்ல ஒரு ஆஸ்பத்திரியிலோ, சுமார் அறுபது கிலோமீட்டர் தள்ளி மதுரையிலோ முதல் வேலைக்குச் சேர்ந்தவங்க. கொஞ்ச நாள்ல வேற இடம் கிடைக்கும், இல்லன்னா எம்.ஆர்.பி. தேர்வுக்குப் படிக்கணும், இல்லன்னா கல்யாணம். அப்போ "ஒரு ரிசிக்னேஷன் லெட்டர் இங்கிலீஷ்ல டைப் பண்ணிக் கொடுடா"ன்னு உங்ககிட்டதான் வருவாங்க. இன்ஜினியரிங் படிக்கிறவங்களுக்கு வீட்டுல கிடைக்கிற கௌரவப் பதவி அது.

லெட்டர் பெரிய விஷயமே இல்ல. டைப் பண்றதுக்கு முன்னாடி நீங்க ரெண்டு கேள்வி கேளுங்க. ஒரிஜினல் சர்டிஃபிகேட் எல்லாம் யார்கிட்ட இருக்கு? சேரும்போது எந்தெந்தப் பேப்பர்ல கையெழுத்துப் போட்டீங்க?

ஏன்னா, நர்ஸ் வேலையை விடுறதுல சிக்கலே இங்கதான். சேரும்போதே ஒரிஜினலை வாங்கி வச்சுக்கிறது, ரெண்டு வருஷம் பாண்டு எழுதி வாங்குறது எல்லாம் தனியார் ஆஸ்பத்திரிகளில் ரொம்ப நாளா நடக்கிற கதை. 2012 மார்ச்சில் சென்னையில் பல தனியார் மருத்துவமனை நர்ஸ்கள் வேலைநிறுத்தம் செஞ்சாங்க. சம்பளத்தோட சேர்த்து அவங்க கேட்டது, இந்த பாண்டு முறையை ஒழிக்கணும் என்பது. சம்பள விஷயம் உச்ச நீதிமன்றம் வரை போனது. அதன் உத்தரவுப்படி மத்திய அரசு 2016-ல் அமைத்த குழு, 50 படுக்கைக்குக் குறைவான ஆஸ்பத்திரியில்கூட நர்ஸுக்கு மாதம் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாதுன்னு பரிந்துரை செஞ்சது. பரிந்துரை பரிந்துரையாவே பல இடத்துல நிக்குது. அதனாலதான் அக்கா கிளம்புறாங்க.

சட்டம் என்ன சொல்லுதுன்னா, ஒருத்தரை இங்கேயே வேலை பார்னு எந்தக் கோர்ட்டும் கட்டாயப்படுத்தாது. படிப்புச் சான்றிதழ் சந்தையில் விக்கிற சரக்கு இல்ல, பாக்கிக்கு ஈடா அதைப் பிடிச்சு வைக்க முடியாதுன்னு சென்னை உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கு. ஆனா பாண்டு மொத்தமும் செல்லாதுன்னு வாட்ஸ்அப்ல சுத்துற செய்தியை நம்பாதீங்க. மூணு வருஷம் முடிக்காம ராஜினாமா செய்த வங்கி அதிகாரி ஒருவர் கட்டிய 2 லட்சம் ரூபாய் பற்றிய விஜயா வங்கி வழக்கில், அந்த நிபந்தனை செல்லும்னு 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. அதே நேரம், 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 74-வது பிரிவுப்படி, பாண்டுல எழுதின தொகை உச்சவரம்புதான். நியாயமான இழப்பீடு மட்டும்தான் கிடைக்கும். தனியா எந்தப் பயிற்சியும் தராம முதல் நாளே நைட் டியூட்டி போட்ட ஆஸ்பத்திரி, பெரிய தொகையை நியாயப்படுத்துறது கஷ்டம்னு நான் நினைக்கிறேன். கேம்பஸ்ல ஆஃபர் லெட்டரோட வர்ற சர்வீஸ் அக்ரிமென்ட்டும் இதே சட்டத்துக்குள்ளதான் வருது. அதனால இந்தப் பத்தியை உங்களுக்காகவும் இன்னொரு தடவை படிங்க.

இதுக்கெல்லாம் பயந்துதான் நிறையப் பேர் சொல்லாம கொள்ளாம நின்னுடுறாங்க. சம்பளம் வந்த மறுநாள் போன் சுவிட்ச் ஆஃப். கோபம் புரியுது, ஆனா நஷ்டம் அக்காவுக்குத்தான். வளைகுடா நாட்டு நர்சிங் லைசென்ஸுக்கு விண்ணப்பிச்சா, எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் உண்மையான்னு பழைய ஆஸ்பத்திரியிலேயே விசாரிச்சுச் சரிபார்ப்பாங்க. அங்கே "பாதியில ஓடிட்டாங்க"ன்னு பதில் போனா, பார்த்த ஒன்றரை வருஷ வேலைக்கும் கணக்கில்லாம போயிடும். அதோட, அன்னைக்கு நைட் ஷிஃப்ட்ல அவங்க இடத்துல நிக்கப்போறது எம்.டி. இல்ல, பகல் முழுக்க வேலை பார்த்த இன்னொரு அக்கா. வார்டுல இருக்கிற நோயாளியும் அந்தத் தூக்கக் கலக்கத்தைத்தான் நம்பிக் கிடக்கணும்.

முறை இதுதான்: முதல்ல வார்டு இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட நேர்ல சொல்லணும், அதுவும் அடுத்த டியூட்டி ரோஸ்டர் போடுறதுக்கு முன்னாடி. அவங்களுக்குத் தெரியாம எச்.ஆர்.-க்கு மெயில் போனா மனசு கசந்துடும். நாளைக்கு ஃபோன்ல ரெஃபரன்ஸ் சொல்லப் போறதும் அநேகமா அவங்கதான். அப்புறம் நர்சிங் சூப்பரின்டெண்டன்ட் பேருக்கு லெட்டர். பேரு, எம்ப்ளாயி நம்பர், வார்டு, சேர்ந்த தேதி, அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல இருக்கிற நோட்டீஸ் நாளைக் கணக்கிட்டுக் கடைசி வேலை நாள், ரிலீவிங் ஆர்டரும் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட்டும் ஒரிஜினல்களும் வேணும்னு ஒரு வரி. காரணம் "சொந்தக் காரணம்"னு போட்டா போதும். சம்பளம் குறைவு, மேட்ரன் திட்டினாங்கன்னு எழுத அக்காவுக்குக் கை துறுதுறுக்கும், அடக்கி வைங்க. லெட்டரோட நகல்ல சீலும் தேதியும் வாங்கணும். வாங்க மறுத்தா ஈமெயிலும், ஒப்புகையோட ஸ்பீட் போஸ்ட்டும்.

நோட்டீஸ் காலத்துல டியூட்டி வழக்கம் போல. கடைசி நாள்ல எமர்ஜென்சி டிராலி, மருந்து ரிஜிஸ்டர், சாவி எல்லாத்தையும் எழுத்து மூலமா ஒப்படைச்சு, வாங்கினவங்க கையெழுத்தோட ஒரு போட்டோ எடுத்துக்கச் சொல்லுங்க. ரெண்டு மாசம் கழிச்சு ஏதாவது காணோம்னு வந்தா அந்தப் போட்டோதான் பேசும்.

2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்திருக்கிற ஊதியச் சட்டத் தொகுப்பின்படி, ராஜினாமா செய்தவருக்குப் பாக்கிச் சம்பளம் ரெண்டு வேலை நாளுக்குள்ள வரணும். வரலைன்னாலும், ஒரிஜினலைத் தர மறுத்தாலும், முதல்ல எழுத்துல கேளுங்க. அதுக்கும் அசையலைன்னா திண்டுக்கல் கோர்ட்ல இருக்கிற மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு. பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு இல்லாம இலவசமா வக்கீல் உதவி கிடைக்கும், ஹெல்ப்லைன் 15100. ஒரு வக்கீல் நோட்டீஸ் போனாலே பீரோ திறக்கிறது உண்டு.

பி.எஃப். வேலை உங்களோடது. யூ.ஏ.என். நம்பரை வாங்கி, விலகிய தேதியை ஆஸ்பத்திரி பதிவு செஞ்சிருக்கான்னு போர்ட்டல்ல பாருங்க. செய்யலைன்னா, கடைசியா பணம் கட்டின மாசத்துல இருந்து ரெண்டு மாசம் கழிச்சு அக்காவோட ஆதார் ஓ.டி.பி. வச்சு நீங்களே பதிஞ்சுடலாம்.