மறைபெட்டி வேட்டை – 7: வைப்பவரும் எடுப்பவரும்

அட்சரேகை தீர்க்கரேகை எண்களைத் துணைகொண்டு, முன்பின் அறியாத ஒருவர் காட்டிலோ குன்றிலோ ஒளித்து வைத்த பெட்டியைக் கண்டுபிடித்து, உள்ளேயிருக்கும் ஏட்டில் பெயரெழுதி, எடுத்த இடத்திலேயே மீண்டும் வைத்துவிட்டுத் திரும்பும் ஜியோகேச்சிங் என்னும் விளையாட்டின் பொது இலக்கணத்தைச் சென்ற இதழில் பார்த்தோம். தேடுவதிலுள்ள இன்பம் எவருக்கும் எளிதில் விளங்கிவிடும். ஆனால் எடுக்கப்போகிறவர் இன்னாரென்று அறியாமலே ஒன்றை ஒளித்து வைத்துவிட்டு வருவதில் என்ன இன்பம் இருக்கக்கூடும் என்பது சற்று நிதானமாக விசாரிக்கத்தக்க விஷயம். இவ்விளையாட்டின் ஜீவன் அங்கேதான் இருக்கிறதென்பது என் அபிப்பிராயம்.

இங்கிலாந்தின் தென்மேற்கே, டெவன் பிரதேசத்தில், டார்ட்மூர் என்றொரு மேட்டு நிலம் இருக்கிறது. குன்றுகளின் உச்சியில் கருங்கற் பாறைகள் அடுக்கி வைத்தாற்போல் நிற்க, தாழ்ந்த இடங்களிலெல்லாம் வைத்த காலை உள்ளே வாங்கும் கரிமண் சேறு பரந்து கிடக்கும் நிலம் அது. அதன் ஓரத்திலுள்ள சாக்ஃபர்ட் என்னும் ஊரில் வாழ்ந்து, வெளியூர்க் கனவான்களை அந்நிலத்துக்குள் வழிகாட்டி அழைத்துச் செல்வதைத் தொழிலாகக் கொண்டிருந்த ஜேம்ஸ் பெரட் என்பவர், 1854-ஆம் ஆண்டில், பாதையென்று சொல்லத்தக்க எதுவும் இல்லாத கிரான்மியர் பூல் என்னுமிடத்தில் ஒரு கண்ணாடி ஜாடியை வைத்து, அதுவரை நடந்து வரும் சிரமத்தை மேற்கொண்டவர்கள் தங்கள் பெயர்ச்சீட்டை அதில் இட்டுச் செல்லலாமென்று ஏற்பாடு செய்தார். குளம் வற்றிப்போய்க் கரிமண் பள்ளமாகிவிட்ட அவ்விடத்தில் பார்ப்பதற்கென்று பிரமாதமாக எதுவுமில்லை. இருந்தும், அந்த ஜாடியைச் சாக்காகக் கொண்டு ஜனங்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே நடந்தார்கள். 1905-இல் வருகையாளர் ஏடு வந்தது. 1937-இல் கருங்கல்லாலேயே ஒரு பெட்டி எழும்பிற்று.

அங்கே வளர்ந்த ஒரு சம்பிரதாயத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைகிறது. பெட்டியைக் கண்டவர் தம் விலாசத்தையே எழுதிய தபால் அட்டை ஒன்றை உள்ளே வைத்துவிட்டு, தமக்கு முன் வந்தவர் விட்டுப்போன அட்டையை எடுத்துக்கொண்டு இறங்கி, ஊர் வந்து சேர்ந்ததும் தபாலில் சேர்த்துவிட வேண்டும். அடுத்தவர் நாளைக்கே வரலாம். ஒரு மாதம் கழித்தும் வரலாம். அவர் எவராயினும் அட்டையைத் தபாலில் சேர்ப்பார் என்ற விசுவாசம் மட்டுமே பிடிமானம். பின்னாளில் ரப்பர் முத்திரைகள் வந்தன; பெட்டிகள் ஆயிரக்கணக்கில் பெருகின; நூறு பெட்டிகளைக் கண்டவர்களுக்கென்று ஒரு சங்கமும் ஏற்பட்டது.

இனி ஜியோகேச்சிங் பிறந்த கதைக்கு வருவோம். செயற்கைக்கோள்களின் துணையால் இடத்தைக் காட்டும் ஜி.பி.எஸ். சமிக்ஞைகளில் பொதுமக்களுக்கென்று வேண்டுமென்றே கலக்கப்பட்டு வந்த பிழையை நிறுத்தும்படி அமெரிக்க ஜனாதிபதி கிளிண்டன் 2000-ஆம் ஆண்டு மே 1-ஆம் தேதி உத்தரவிட்டதும், அதுவரை நூறு மீட்டர் தள்ளிக்கூடக் காட்டிக்கொண்டிருந்த கைக்கருவிகள் ஒரே இரவில் நம்பத்தக்கவையாயின. மே 3-ஆம் தேதி டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் அருகே ஒரு கறுப்பு வாளியைப் பாதி மண்ணில் புதைத்து, புத்தகம், கவண், ஒரு டப்பா பீன்ஸ் முதலியவற்றை அதில் போட்டு, இடத்தின் எண்களை இணையத்தில் அறிவித்தார். மூன்று நாட்களுக்குள் இருவர் அதைக் கண்டுபிடித்துவிட்டனர். பிற்பாடு வகுக்கப்பட்ட விதிகளோ, மண்ணைத் தோண்டிப் புதைப்பதையும், காட்டு விலங்குகளை இழுக்குமென்பதால் தின்பண்டம் வைப்பதையும் விலக்கிவிட்டன. அனுபவம் இவ்வாறு ஒழுக்கமாகப் பக்குவப்பட்டது.

இனி, எடுப்பவருடைய நிலையைக் கொஞ்சம் கவனிப்போம். கருவி நம்மைப் பத்து மீட்டருக்குள் கொண்டுவந்து நிறுத்திவிடும். அதற்குமேல், அதிலும் மரநிழலில், அம்புக்குறி இப்படியும் அப்படியுமாக அலையத் தொடங்கிவிடும். பழகியவர்கள் அந்தக் கணத்தில் கருவியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, 'நானாக இருந்தால் எங்கே வைத்திருப்பேன்?' என்று கேட்டுக்கொண்டு கண்ணால் தேட ஆரம்பிப்பார்கள். பாசி படிந்த பக்கம் கீழேயும் வெளுத்த பக்கம் மேலேயுமாகக் கிடக்கும் ஒரு கல். காற்று ஒருபோதும் அடுக்காத ஒழுங்கில் வேர்களுக்கிடையே கிடக்கும் நான்கு சுள்ளிகள். மரத்தின் நிறத்தோடு ஒட்டாத ஒரு பட்டைத் துண்டு: மனிதக் கை பட்ட அடையாளம் இம்மாதிரியாகத்தான் வெளிப்படுகிறது. அதைக் கண்டுகொண்ட மாத்திரத்தில் உண்டாகும் சந்தோஷத்தில், பெட்டி கிடைத்ததைக் காட்டிலும், வைத்தவருடைய எண்ணத்தோடு நம் எண்ணம் சென்று பொருந்தியதற்கே பெரும் பங்கு உண்டு.

ஆகையால் வைப்பவருக்குச் சிரத்தை வேண்டும். பெட்டிகளில் நான் உயர்வாகக் கருதுவது, அமெரிக்க ராணுவம் தோட்டா வைத்து அனுப்பிக் கழித்துவிட்ட இரும்புப் பெட்டியை. அதன் மூடியின் உட்புறம் ஓடும் ரப்பர் வளையமும், அழுத்தினால் இறுகப் பற்றிக்கொள்ளும் கொக்கியும், பல மழைக்காலங்களுக்குப் பிறகும் உள்ளேயிருக்கும் ஏட்டை உலர்ந்தபடியே காக்கும். பேனா மை நனைந்தால் கரையுமென்பதால் பென்சில் வைப்பதே உத்தமம். ஆனால் தோட்டாக் குறிகளை வர்ணம் பூசி மறைக்காமலும், இன்ன விளையாட்டின் பெட்டியென்று வெளியே எழுதாமலும் வைப்பது பெரும் விபரீதத்தில் முடியும். 2011-இல் இங்கிலாந்தின் வெதர்பி நகரத்தில் ஒரு சிற்றுண்டிச் சாலைக்கு வெளியே இருந்த சிறு பெட்டியை வெடிகுண்டென்று சந்தேகித்து, தெருவை அடைத்து, நிபுணர்களை வரவழைத்து வெடிக்கச் செய்தார்கள். வெளியே அடையாளம் எழுதுவதும், நிலத்துக்கு உரியவரிடம் அனுமதி பெறுவதும் எத்தனை அவசியமென்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இரண்டு பெட்டிகளுக்கிடையே 161 மீட்டராவது இருக்கவேண்டுமென்பது விதி. அந்த விதிக்குட்பட்டே, சாலையோர விளக்குக் கம்பங்களின் அடியில் வரிசையாகச் சிறு டப்பிகளைச் செருகிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. எண்ணிக்கையை உயர்த்திக்கொள்ள விரும்புவோருக்கு அது உதவுமேயன்றி, ஒரு மனிதரை அவர் வேறு எவ்வகையிலும் போயிருக்க மாட்டாத இடத்துக்கு அழைத்துச் செல்லும் காரியம் அதனால் ஆவதில்லை. சதுப்பின் நடுவே பெரட் வைத்த ஜாடி செய்தது அந்தக் காரியத்தைத்தான்.

இதைப் படித்துவிட்டுப் பெட்டி வைக்க ஆசைப்படும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். முதலில் பிறர் வைத்தவற்றில் ஓர் இருபதையாவது கண்டு பழகுங்கள். பிறகு, ஆண்டில் சில முறையேனும் நடந்துபோய்ப் பார்க்கக்கூடிய இடமாகத் தேர்ந்துகொண்டு, நனைந்த ஏட்டை மாற்றுங்கள். உடைந்த மூடியைப் புதுப்பியுங்கள். ஊர் மாறிப் போக நேர்ந்தால், அருகிலிருக்கும் வேறொருவரிடம் பொறுப்பை ஒப்படையுங்கள். அப்படி ஒருவரும் கிடைக்காவிட்டால், புறப்படுவதற்குமுன் நீங்களே போய்ப் பெட்டியை எடுத்து வந்துவிடுங்கள்.