பவளத்துக்கு ஒளிதான் சோறு

ஈசூனில் எங்கள் வீவக வீட்டுக் கூடத்தில் மூன்றடிக் கடல்நீர்த் தொட்டி இருக்கிறது. அதன் பாறை உச்சியில் சுத்தியல் பவளம் ஒன்றை வைத்தேன். உணர்கொம்புகளின் நுனி சுத்தியல் தலைபோல் விரிவதால் அந்தப் பெயர். அதற்கென்றே கடையில் இருந்ததிலேயே பிரகாசமான எல்.இ.டி. விளக்கை வாங்கி, முதல் நாளே முழு ஒளியில் எரியவிட்டேன்.

நான்காம் நாள் கொம்புகள் சுருங்கின. பத்தாம் நாள் பழுப்பு நிறம் போய், கண்ணாடி போன்ற சதை வழியே வெள்ளை எலும்புக்கூடு தெரிந்தது. தொட்டிக் கடை அண்ணனிடம் ஓடினேன். "நிழல்ல வளர்ந்த கன்னைக் கொண்டுபோய் மொட்டை வெயில்ல நடுவீங்களா, தங்கச்சி?" என்று கேட்டார்.

பவளம் செடியல்ல, விலங்கு. ஆனால் அதன் சதைக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. அவை ஒளியைக் கொண்டு சர்க்கரை சமைத்துப் பவளத்துக்கு ஊட்டுகின்றன. பல இனங்களுக்குத் தேவையான ஆற்றலில் 90 விழுக்காடு வரை இப்படித்தான் கிடைக்கிறது. ஒளி அளவுக்கு மீறினால் பாசியின் சமையற்கட்டே பழுதாகி நச்சு ஆக்சிஜன் பெருகும். அப்போது பவளம் பாசியை வெளியே தள்ளிவிடும். நான் பார்த்த வெளுப்பு அதுதான்.

விளக்குப் பெட்டியில் மூன்று எண்கள் நம்மைக் குழப்பும். வாட் என்பது மின்கட்டணத்துக்கான கணக்கு. கெல்வின் என்பது ஒளியின் சாயல். நடுப்பகல் வெயில் சுமார் 5,500. பவளத் தொட்டி விளக்குகள் பெரும்பாலும் 14,000 முதல் 20,000 வரை, அதாவது நீலம். கடல்நீர் சிவப்பு ஒளியை முதல் சில மீட்டரிலேயே விழுங்கிவிடும், நீலமே ஆழம் வரை போகும். பவளப் பாசி நீலத்துக்குப் பழகியது அதனால்தான். ஆனால் எவ்வளவு ஒளி பவளத்தைச் சேர்கிறது என்பதைச் சொல்வது மூன்றாவது எண்: 'பார்'. 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான, ஒளிச்சேர்க்கைக்கு உதவும் ஒளியின் அளவு அது.

அண்ணன் தன் பார் மீட்டரை இரவல் தந்தார். பாறை உச்சியில் 320, மணல் தரையில் 90. ஒரே விளக்கு, ஒரே தொட்டி! காளான் பவளத்துக்கு 50 முதல் 100 போதும். சுத்தியல் வகைக்கு 80 முதல் 150. கிளை கிளையாக வளரும் அக்ரோபோராவுக்குத்தான் 200க்கு மேல் வேண்டும். என் பவளத்தை அக்ரோபோராவின் இடத்தில் உட்கார வைத்திருந்தேன்.

மணலுக்கு இறக்கினேன். விளக்கை 40 விழுக்காட்டுக்குக் குறைத்து, வாரத்துக்கு ஐந்து ஐந்தாகக் கூட்டினேன். பழுப்பு திரும்ப இரண்டு மாதமாயிற்று.

அதே தொட்டியில் இருக்கும் மீன்களுக்கோ ஒளி உணவல்ல, பொழுது. இருட்டில் சட்டென்று விளக்கு எரிந்தால் மிரளும். ஃபயர்ஃபிஷ் போன்றவை தொட்டியை விட்டே துள்ளி விழும். என் விளக்கு காலை பத்து மணிக்கு மங்கிய நீலத்தில் தொடங்கி, நண்பகலில் வெள்ளை கூடி, இரவு எட்டுக்குள் மெல்ல அணைகிறது. கோமாளி மீன்கள் அதற்கு முன்பே தூங்கும் மூலைக்குப் போய்விடுகின்றன.

சிங்கப்பூர்க் கடல் கலங்கல் நீர். சிஸ்டர்ஸ் தீவுகளைச் சுற்றியும் பவளங்கள் ஒளி எட்டும் மேல் சில மீட்டரில்தான் நெருக்கமாக வாழ்கின்றன. கடலில் பவளம் எங்கே வாழலாம் என்பதை ஒளி தீர்மானிக்கிறது. தொட்டியில் அந்தப் பொறுப்பு நம் கையில். அதனால் பவளத்தை முதலில் முடிவு செய்யுங்கள், பிறகு விளக்கை வாங்குங்கள். மங்கவைக்கும் வசதி இல்லாத விளக்கு எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

நேற்று உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். என் சுத்தியல் பவளத்தின் எலும்பு விளிம்பில் நகக்கண் அகலத்துக்குப் புது வெள்ளை வளர்ந்திருக்கிறது. இந்த வெள்ளை வெளுப்பல்ல, வளர்ச்சி.