ஒரே அம்மா, ரெண்டு ஜெர்சி! தெரியுமா?

2016 ஜூன் 11, பிரான்ஸின் லான்ஸ் நகரம். யூரோ கால்பந்துக் கோப்பையில் ஸ்விட்சர்லாந்தும் அல்பேனியாவும் மோதுகின்றன. ஸ்விஸ் அணியில் தம்பி கிரானிட் ஷாக்கா. எதிரணியில் யார் தெரியுமா? கூடப்பிறந்த அண்ணன் டௌலாந்த் ஷாக்கா! ரெண்டு பேருமே பிறந்தது ஸ்விட்சர்லாந்தின் பாசெல் நகரில். கேலரியில் இருந்த அம்மா யாருக்குக் கை தட்டுவார், பாவம்? அவர் போட்டு வந்த டி-ஷர்ட்டைப் பார்க்கணுமே... ஒரு பாதி ஸ்விஸ் கொடி, மறு பாதி அல்பேனியக் கொடி! தம்பி அணி 1-0 என ஜெயித்தது.

உலகக் கோப்பையிலேயே அண்ணன் தம்பி மோதியது தெரியுமா? 2010, ஜோகன்னஸ்பர்க். ஜெர்மனிக்கு ஜெரோம் போட்டெங், கானாவுக்கு கெவின் பிரின்ஸ் போட்டெங். அப்பா ஒருவர், அம்மா வேறு. இருவரும் பெர்லின் பையன்கள்! அதற்குச் சில வாரம் முன்புதான் எஃப்.ஏ. கோப்பை இறுதிப் போட்டியில் கெவின் பிரின்ஸ் காலை விட, ஜெர்மனி கேப்டன் பல்லாக் காயமாகி உலகக் கோப்பையையே தவறவிட்டார். ஜெர்மனி ரசிகர்களுக்கு எப்படி எரிந்திருக்கும்! 2014-லும் இதே அண்ணன் தம்பி, இதே மோதல்!

ஒரே ஆள் ரெண்டு நாட்டுக்காக உலகக் கோப்பை ஃபைனல் ஆடியிருக்கிறாரா? ஆடியிருக்கிறார், ஒரே ஒருவர்! லூயிஸ் மோன்டி. 1930-ல் அர்ஜென்டினாவுக்கு ஆடித் தோற்றார். 1934-ல் இத்தாலிக்கு ஆடிக் கோப்பையைத் தூக்கினார்!

இப்போது அப்படித் தாவ முடியுமா? கஷ்டம்! 2020-ல் ஃபிஃபா விதியைக் கொஞ்சம் தளர்த்தியது. அப்படியும், முதல் நாட்டுக்கு ஆடிய மேட்ச் மூன்றைத் தாண்டக் கூடாது, அதுவும் 21 வயதுக்குள், பிறகு மூன்று வருடம் காத்திருக்கணும். உலகக் கோப்பையில் கால் வைத்துவிட்டால் கதை முடிந்தது!

2022 கத்தார் உலகக் கோப்பையில் அரையிறுதி வரை போன மொராக்கோ அணியின் 26 பேரில் எத்தனை பேர் மொராக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள் தெரியுமா? 14 பேர்! ஸ்பெயினை வீட்டுக்கு அனுப்பிய கடைசி பெனால்டியை அடித்த ஹக்கிமி எங்கே பிறந்தார்? ஸ்பெயின் தலைநகர் மாட்ரிட்டில்! அதுவும் எப்படி அடித்தார்? கோல்கீப்பர் ஒரு பக்கம் பாய, பந்தை நடுவில் மெல்லத் தூக்கிப் போட்டார். என்ன தில்லு!

அதே கோப்பையில் ஸ்விஸ் வீரர் எம்போலோ, தான் பிறந்த கேமரூனுக்கு எதிராகவே கோல் அடித்தார். கொண்டாடினாரா? இல்லை, இரண்டு கையையும் தூக்கி அப்படியே நின்றார்.

இதைக் கேளுங்கள். அயர்லாந்துக்கு 88 மேட்ச் ஆடியவர் டோனி காஸ்கரினோ. எந்த உரிமையில்? அம்மாவின் அப்பா ஐரிஷ்காரர் என்று! பல வருடம் ஆடிய பிறகு அம்மா சொன்ன செய்தி: 'நான் தத்துப் பிள்ளைடா!' அப்போ தாத்தாவோடு ரத்த உறவே இல்லை!

அது அறியாமல் நடந்தது. மலேசியாவில்? வெளிநாட்டில் பிறந்த 7 வீரர்களின் தாத்தா பாட்டி மலேசியாவில் பிறந்ததாகக் காட்டிய ஆவணங்கள் போலி என்று 2025-ல் ஃபிஃபா அறிவித்தது! சங்கத்துக்கு அபராதம், வீரர்களுக்கு 12 மாதத் தடை. மேல்முறையீட்டுக் குழுவும் அதையே உறுதி செய்தது.

ஜெர்மனிக்கு ஆடிய, துருக்கி வம்சாவளி வீரர் ஓசில் கதையோ வேறு. 2014-ல் உலகக் கோப்பை வென்றபோது அவர் ஜெர்மானியர்களுக்கு 'நம்மாள்'. 2018-ல் தோற்றதும் 'துருக்கிக்காரர்'! மனம் வெறுத்து தேசிய அணியிலிருந்து விலகியே விட்டார். எனக்குப் பிடிக்காதது இந்த இரட்டை நாக்குதான்.

நம் இந்தியா? இங்கே இரட்டைக் குடியுரிமையே கிடையாது! இந்திய பாஸ்போர்ட் இருந்தால்தான் தேசிய அணி. அதற்காகவே அராடா இசுமி, இந்திய அப்பாவுக்கும் ஜப்பானிய அம்மாவுக்கும் பிறந்தவர், ஜப்பான் குடியுரிமையையே விட்டுவிட்டு 2013-ல் இந்திய ஜெர்சி போட்டார்!