காலையில் மலரும் எஃகுப் பூ

அர்ஜென்டினாவின் தலைநகரான பியூனஸ் அயர்ஸ், ரியோ தே லா பிளாட்டா ஆற்றங்கரை நகரம். அங்கே ஐக்கிய நாடுகள் சதுக்கம் என்ற பூங்காவில், வட்டமான நீர்த்தடாகத்தின் நடுவே 18 டன் எடையுள்ள ஒரு பூ நிற்கிறது. பெயர் ஃப்ளோராலிஸ் ஹெனெரிகா. ரோஜாவோ தாமரையோ அல்ல, எல்லாப் பூக்களுக்கும் பொதுவான ஒரு பூ. காலையில் விரிந்து, பொழுது சாய்ந்ததும் கூம்பும்படி வடிவமைக்கப்பட்டது.

வடிவமைத்தவர் எடுவார்டோ கட்டலானோ. வளைந்த கூரைகளுக்குப் பெயர்பெற்ற கட்டடக் கலைஞர், அமெரிக்காவில் எம்.ஐ.டி.யில் பேராசிரியராக இருந்தவர். பிறந்த ஊருக்கு 2002-ல் இதைப் பரிசாகக் கொடுத்தார். நாடே பணநெருக்கடியில் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது.

இதழ்கள் ஆறு. ஒவ்வொன்றும் சுமார் 13 மீட்டர் நீளம். இவ்வளவு பெரிய தகட்டை அசைப்பது எப்படி? எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் தண்டுகள்தான் அசைக்கின்றன. ஜேசிபி இயந்திரத்தின் கையைத் தூக்குவதும் இதே நுட்பம்தான். எண்ணெயை அழுத்திச் சுருக்குவது கடினம் என்பதால், தண்டு உதறாமல், நிதானமாக நகர்கிறது. வெளிச்சத்தை உணரும் கருவிகள் நேரம் சொல்கின்றன.

எனக்கு மிகவும் பிடித்த விவரம், இது உருவான இடம். கோர்டோபா நகரின் விமானத் தொழிற்சாலையில் செய்தார்கள். பொருத்தமான இடம்தான். உள்ளே கனமில்லாத அலுமினியச் சட்டகம், மேலே துருப்பிடிக்காத எஃகுத் தோல். எடை குறைய வேண்டும், காற்றையும் தாங்க வேண்டும் என்ற விமான இறக்கைக்குரிய கணக்கு இதழுக்கும் உண்டு. பளபளக்கும் அந்தத் தோலில் வானமும் மேகமும் தெரிவதால், வேளைக்கு வேளை பூவின் நிறம் மாறுகிறது.

காற்றுதான் இதன் பெரிய எதிரி. காற்றின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். விரிந்த இதழ் பாய்மரம்போல் காற்றை வாங்கும். அதனால் பலத்த காற்றடித்தால் பூ பகலிலும் மூடிக்கொள்ளும்படி வடிவமைத்தார்கள்.

2010-ல் இயந்திரம் நின்றது. ஐந்து ஆண்டுகள் பூ அசையாமல் இருந்தது. அப்போதும் மக்கள் வந்து படமெடுத்துக்கொண்டார்கள். ஆனாலும் அசையாத ஃப்ளோராலிஸ் பாதிப் பூதான் என்பேன். 2015-ல் பழுதுபார்த்தார்கள், இதழ்கள் மறுபடி அசைந்தன.

2023 டிசம்பரில் நகரைத் தாக்கிய புயலில் காற்று மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டியது. 50 கிலோமீட்டர் காற்றைவிட நான்கு மடங்குக்கும் அதிகமான விசை. பூ பலத்த சேதமடைந்தது. எஃகு இதழ் ஒன்று பெயர்ந்து விழுந்தது.