வீட்டிலிருந்தே லேபுக்கு ஒரு சுரங்கப்பாதை!



இரவு மணி பத்து. நாளைக்கு ப்ராஜெக்ட் ரிவியூ. ஃபைல் எல்லாம் துறை சர்வரில் இருக்கிறது. நீங்களோ ஊரில், வீட்டுத் திண்ணையில்! லேபும் பூட்டியாச்சு. "தொலைஞ்சோம்டா!" என்று தலையில் கை வைக்கிறீர்களா? பல்கலைக்கழகத் துறைகளும் கம்பெனிகளும் இதற்கென்றே வைத்திருக்கும் வழிதான் வி.பி.என். என்கிற விர்ச்சுவல் பிரைவேட் நெட்வொர்க். நாளை லேட்டரல் என்ட்ரியில் பி.இ. போனாலும் சரி, வேலைக்குப் போனாலும் சரி, இது நமக்குத் தேவைப்படும்.

துறைக்குள் இருக்கும் சர்வருக்குப் பெரும்பாலும் 10 என்றோ 192.168 என்றோ தொடங்கும் ஐ.பி. முகவரிதான் இருக்கும். இது ஹாஸ்டல் ரூம் நம்பர் மாதிரி. வளாகத்துக்குள் செல்லும், வெளியூர்த் தபால்காரருக்கு அதை மட்டும் வைத்து வழி தெரியாது. வி.பி.என். என்ன செய்கிறது? நம் கம்ப்யூட்டர் அனுப்பும் ஒவ்வொரு பாக்கெட்டையும் ரகசியக் குறியீடாக்கி, இன்னொரு கவரில் போட்டு ஒட்டி, மேலே துறை வாசலில் இருக்கும் வி.பி.என். சர்வரின் முகவரியை எழுதுகிறது. அங்கே கவரைப் பிரித்து உள்ளே சேர்க்கிறது அந்த சர்வர். வழியில் பார்ப்பவருக்குக் கவர் தெரியும், கடிதம் தெரியாது. அவ்வளவுதான் விஷயம்!

1996 வாக்கில் வந்த பி.பி.டி.பி. முறை இன்று பாதுகாப்பற்றது. 2001-ல் வந்த ஓப்பன் வி.பி.என்., 2020-ல் லினக்ஸ் கெர்னலில் சேர்ந்த வயர்கார்டு போன்றவையே நம்பத்தக்கவை.

'கனெக்டட்' என்று காட்டுகிறது, ஆனால் சர்வர் மட்டும் பேசமாட்டேங்குதா? வீட்டு ரவுட்டரும் துறையும் ஒரே 192.168.1 வரிசையில் இருக்கலாம். பாவம், உங்கள் கம்ப்யூட்டர் துறை சர்வரை வீட்டுக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கும்! ரவுட்டரில் வரிசையை மாற்றுங்கள். அல்லது மொபைல் ஹாட்ஸ்பாட்டில் முயன்று பாருங்கள்.

இனிமேல்தான் முக்கியமான சங்கதி. இணைந்தவுடன் நம் கம்ப்யூட்டர் துறைக்குள் நுழைந்த மாதிரி. அதிலுள்ள வைரஸுக்கும் அதே வழிதான்!

2021 மே மாதம் அமெரிக்காவின் கலோனியல் பைப்லைன் என்ற பெரிய எரிபொருள் குழாய் நிறுவனத்தில் திருடர்கள் புகுந்தது எப்படித் தெரியுமா? யாரும் பயன்படுத்தாமல் கிடந்த ஒரு பழைய வி.பி.என். கணக்கு வழியாக! அதன் பாஸ்வேர்டு அவர்கள் கையில் கிடைத்திருந்தது, ஓ.டி.பி. போல இரண்டாவது பூட்டும் இல்லை. குழாய் சில நாள் நின்றது; பெட்ரோல் பங்குகளில் நீண்ட வரிசை. நிறுவனம் கொடுத்த பணம் சுமார் 44 லட்சம் டாலர்!

ஆகவே, "மச்சி, உன் பாஸ்வேர்டை கொஞ்சம் குடேன்" என்று உயிர் நண்பனே கேட்டாலும் கொடுக்காதீர்கள். ஓ.டி.பி. வசதி இருந்தால் போட்டுக்கொள்ளுங்கள். படிப்பு முடிந்து டி.சி. வாங்கும் அன்று, "சார், என் கணக்கை மூடிடுங்க" என்று மறக்காமல் சொல்லுங்கள்.

நமக்கு மட்டும் கொடுத்த சாவி அது. பத்திரமாக வைத்திருந்து, போகும்போது திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவோம்!