வாசகர் கூட்டிய சந்தை

நம் பெங்களூரில் காமிக் கான் முதன்முதலாகக் கூடியது 2012-இல். ஜப்பானியச் சித்திரக்கதையாகிய மங்காவுக்கோ, டோக்கியோவில் 1975 டிசம்பர் 21-லேயே ‘காமிக் மார்க்கெட்’ பிறந்துவிட்டது. வேறொரு மங்கா விழாவைக் குறைகூறிய ரசிகை ஒருத்திக்கு அங்கே இடம் மறுக்கப்பட்டது. வெகுண்ட வாசகர்கள் தாமே கூட்டிய சந்தை இது. முதல்நாள் வந்தவை 32 குழுக்கள். மக்கள் ஏறத்தாழ 700 பேர். இன்றோ ஆண்டுக்கு இருமுறை, இலட்சக்கணக்கில்!

விற்பவை, தாமே வரைந்து அச்சிட்ட ‘தோஜின்ஷி’ ஏடுகள். நம் விடுதிக் கையெழுத்து ஏட்டின் உடன்பிறப்பு என்பேன். விற்பவர், வாங்குபவர், தொண்டர் மூவருக்கும் அங்கே ஒரே பெயர்: பங்கேற்போர். வாடிக்கையாளர் என்று எவரும் இல்லை.

நான் வரைந்த இருபது பக்கம் பெட்டியில் உறங்குகிறது. அடுத்த காமிக் கானில் மேசை ஒன்று எடுக்க எண்ணம். வாடகையைப் பங்கிட இருவர் வேண்டும்.